பிள்ளைக்கு வருத்தம்

ஓகஸ்ட் 11

இந்தக் கொப்பியை ஆரபிக்குப் படம் கீறத் தந்தார்கள். அவள் கீறவில்லை. வெறும் தாள் வீணாகப் போகக்கூடாது என்று நான் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் சுகிர்தா, இவர் குணேந்திரன், மகள் ஆரபிக்கு நாலு வயது. இவரை ஆமிக்காரர் இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துத் திருப்பி விட்டார்கள், மூன்றாம் தரம் விடமாட்டார்கள் என்றுதான் முல்லைத்தீவில் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகேறினோம். ஆஸ்திரேலியாவுக்கு என்று வந்தோம். வந்தும் விட்டோம். ஆனால் இன்னும் வரவில்லை என்று இங்கே சொல்கிறார்கள். முப்பத்தாறு நாளாக வராமலே இருக்கிறோம்.

இந்த இடத்துக்குக் காகிதத்தில் பெயர் ‘குடும்பத் தங்கல் வசதி’. சுற்றவர இரண்டு வரிசை வேலி, காலையும் பின்னேரமும் தலை எண்ணுகிறார்கள், பெயருக்குப் பதில் படகு இலக்கம். நான் பதினாறு, ஆரபி பதினேழு. இதற்கு வசதி என்று பெயர் வைத்தவனைப் பிடித்து ஒரு கிழமை இங்கே வசதியாக இருக்கவிட வேண்டும்.

ஆரபிக்கு முட்டு. எட்டு மாதக் குழந்தையிலிருந்தே இருக்கிறது. வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம் கேட்கும், கழுத்துக்குழி உள்ளே இழுக்கும். ஊர் ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து அடிக்கிற பம் தந்திருந்தார்கள். இரண்டு தரம் அடித்தால் மூச்சு இறங்கிவிடும். இங்கே இறக்கின அன்று எல்லாச் சாமானோடும் அந்தப் பம்மையும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே செம்மண் புழுதி. காற்று அடித்தால் சோற்றுக்குள்ளும் மண். நேற்றிலிருந்து பூனைக்குட்டி கத்துகிறது.

ஓகஸ்ட் 13

கிளினிக்குக்குப் போனோம். விண்ணப்பம் எழுதிப் பெட்டிக்குள் போட்டு மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். வணக்கம் சொன்ன விதத்திலேயே இந்தியாக்காரி என்று தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி, தமிழுக்குத் தமிழ்தானே.

நான் ஒன்று விடாமல் சொன்னேன்: “பிள்ளைக்கு முட்டு வருத்தம். பின்னேரம் கூடும், இழுக்கும், ஓட ஏலாது. பம் இருந்தது, உங்கட ஆக்கள் பறிச்சுப் போட்டினம்.”

இன்னும் சொல்ல இருந்தது. அந்தத் தொலைபேசிப் பிள்ளை “சுருக்கமா சொல்லுங்கம்மா, நேரம் இல்ல” என்றது. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. தாதியின் முகம் அப்படியே இரக்கமாகிவிட்டது. ஆரபியைக் கட்டிலில் இருத்தி, முழங்கால் இரண்டையும் மடக்கிப் பார்த்தாள், அமர்த்திப் பார்த்தாள். நெஞ்சில் குழாய் வைக்கவில்லை. வெள்ளைக்கார வைத்தியம் முழங்காலில் இருந்து தொடங்கி மேலே போகும் போல என்று பொறுத்திருந்தேன். அது மேலே போகவில்லை. நோவுக்குக் குடிக்கிற பனடோல் பாணி தந்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

ஓகஸ்ட் 14

காலை 34. பின்னேரம் 46.

மூச்சை எண்ணுகிறேன், சாப்பாட்டு மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம். முல்லைத்தீவுத் தாதி சொல்லித் தந்தது: முப்பதைத் தாண்டினால் கவனம், ஐம்பதைத் தாண்டினால் ஓடு. அவர் சொல்லும்போது வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 19

படம் கீற வைக்கிற பெண் வந்தாள். மனநல ஆலோசகராம். நல்ல மனுசி, சிரித்த முகம். அதே தொலைபேசி மூலம் ஆரபியிடம் குண்டு விழுந்த நாளைப் பற்றிப் படம் கீறச் சொன்னாள். எந்தக் குண்டு? சண்டை முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை இது. குண்டு விழுந்தது என் தலைக்கு மேல், அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆரபியிடம் பெயர் கேட்டாள். நான் சொன்னேன். வயது கேட்டாள். அதையும் நான் சொன்னேன். பிள்ளையே சொல்லட்டும் என்றாள். பிள்ளைக்குக் கூச்சம் என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். நான் சொன்னால் போதாதா?

ஓகஸ்ட் 22

மூன்றாம் நாளாகப் படுக்கை நனைந்திருக்கிறது. தண்ணீர் குடி என்று மருந்து தந்தால் வேறு என்ன நடக்கும்? துணி கழுவ எங்கள் முறை வெள்ளிக்கிழமைதான். குளியலறையில் கையால் கழுவி வேலியில் காயப்போட்டேன். வேலியில் துணி போடக்கூடாது என்று காவலர் வந்தார். வேலியால் எனக்குக் கிடைக்கிற ஒரே பிரயோசனம் இது என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. துணி காயும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை.

ஆரபி நல்ல விளையாட்டு. கரண்டிகளை வரிசையாக அடுக்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தலை எண்ணுகிறாள். எண்ணுவது வாய்க்குள்ளேயே.

காலை 36. பின்னேரம் 48.

ஓகஸ்ட் 27

இரண்டாம் தரம் கிளினிக். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. தாதி முழங்காலுக்குப் போடுகிற இலாஸ்டிக் பட்டி ஒன்றை எடுத்து ஆரபிக்கு மாட்டப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். ஆரபியைத் தூக்கி நிறுத்தி முழங்காலைத் தட்டி, இதில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கையால் விரித்துக் காட்டினேன். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தாதிக்குச் சந்தோசம். தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டி, கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்து, கணினியில் ஏதோ எழுதி எங்களை அனுப்பிவிட்டாள்.

செப்டெம்பர் 2

பக்கத்து அறைப் பரிசா ஈரான்காரி, ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவள். ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள். என் ஆங்கிலம் எழுத்துக் கூட்டுகிற அளவு. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் நான் தைத்த உடுப்பின் தரம் பார்க்கிறவள், ஏற்றுமதி லேபல் வாசிக்க அவ்வளவு போதும். பரிசாதான் சொன்னாள், உன் பிள்ளையின் மருத்துவக் கோப்பு உனக்கு உரிமை, எழுதிக் கேள் என்று. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள், நான் கையெழுத்து வைத்தேன்.

இவருக்குப் பயம். “முறைப்பாடு எழுதினா விசாவுக்குப் பாதிக்கும். நீர் கொஞ்சம் பேசாமல் இரும்” என்றார். பேசாமல் இருக்கிறவர்கள் இந்த வீட்டில் ஏற்கெனவே போதும் என்று வாய்வரை வந்தது.

செப்டெம்பர் 5

டேரன் வந்தான். எங்கள் கோப்புக்குப் பொறுப்பான அதிகாரி. பேச்சு நல்ல இனிப்பு. ஒரு தாளை வைத்தான்: நாங்களாக விரும்பித் திரும்பிப் போகிறோம் என்று கையெழுத்து வைத்தால், கொழும்பு வரை டொக்டர் ஒருவர் கூடவே விமானத்தில் வருவாராம், இறங்கின உடனே பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமாம். இங்கே வேலிக்கு வெளியே அரை மணித்தியாலம் காட்ட முடியாத டொக்டரைப் பத்து மணித்தியாலம் ஆகாயத்தில் காட்டுவார்களாம்.

அவன் போன பிறகு இவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளைக்கு மூச்சு முக்கியமப்பா. எனக்கு வாறது வரட்டும்” என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த மனுசனின் உயிரை விலையாகக் கேட்டுப் பிள்ளைக்கு மருந்து தருவது எந்த ஊர் நியாயம்? தாளை வாங்கி மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தேன். மேசை இப்போது ஆடவில்லை.

செப்டெம்பர் 9

கோப்பு வந்தது. நாற்பத்தொரு பக்கம். பரிசா வாசித்துவிட்டு, ஆரபியின் காலைப் பார்த்து, இவளுக்கு முழங்காலில் என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவள் திரும்பவும் வாசித்தாள். தெரிந்த ஆங்கிலம், கை, கால் எல்லாவற்றாலும் கதைத்து விளங்கிக்கொள்ள ஒரு மணித்தியாலம் ஆனது.

கோப்பில் எழுதியிருப்பது இதுதான்: பிள்ளை கவலையாக இருக்கிறது. முழங்கால் இழுத்துப் பிடிக்கிறது, ஓட முடியவில்லை, மாலையில் கூடுகிறது. குண்டு போட்டார்கள் என்று தாய் சொல்கிறார். ஓகஸ்ட் 27க்குக் கீழே: முழங்கால் குணம், தாய் மனமார நன்றி தெரிவித்தார்.

முதலில் சிரித்தேன். பரிசா பயந்துவிட்டாள், அப்படிச் சிரித்தேன். எங்கள் முட்டு அந்த இந்தியப் பிள்ளைக்கு முழங்கால் முட்டி. எங்கள் வருத்தம், நாங்கள் நோய்க்குச் சொல்கிற சொல், அவளுக்குக் கவலை. பம்மைப் பறித்துப் போட்டினம் என்றால் பாம் போட்டார்கள். ஒரே தமிழ், ஒரே எழுத்து, நடுவில் ஒரு கடல். முட்டு என்றால் மூச்சு என்று நெஞ்சைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். பரிசா முகம் மாறி, “ஆஸ்துமா” என்றாள். பின்னேரம் முழுக்க அந்தச் சொல்லை என் வாயில் வைத்துப் பழக்கினாள்.

அந்தத் தொலைபேசிப் பிள்ளை ஒரு சொல்லில் பிழை விட்டாள். சரி. ஆனால் அந்தத் தாதியின் கழுத்தில் குழாய் தொங்குகிறது, முகத்தின் இரண்டு பக்கமும் காது இருக்கிறது. பூனைக்குட்டிச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

செப்டெம்பர் 10

பிழையைத் திருத்துங்கள் என்று கேட்டேன், பரிசா கூட வந்தாள். கோப்பில் எழுதினதை அழிக்க முடியாதாம். தனிப் படிவம் நிரப்பினால் பத்து வேலை நாளில் குறிப்பு ஒன்று சேர்ப்பார்களாம். பம்மைத் தா என்றேன். டொக்டர் பார்க்காமல் தரமுடியாதாம். டொக்டர் எப்போது? இருபதாம் திகதி. தொழிற்சாலையில் இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் முழு வரிசையையும் நிறுத்துவேன். மனேஜர் கத்தினாலும் நிறுத்துவேன்.

காலை 42. பின்னேரம் 50.

செப்டெம்பர் 12

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது புழுதிக்காற்று வந்தது. ஆகாயமே சிவப்பு. ஆரபி என் சட்டையைப் பிடித்தாள். எண்ணினேன், 58. உதடு நாவல்பழம் தின்றது போல் ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். மத்தியானம் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை பூட்டு. கண்ணாடிக்கு உள்ளே ஆள் இருக்கிறது, கடிகாரத்தைக் காட்டுகிறது.

நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். “ஆஸ்துமா” என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். காவலர் எழும்பச் சொன்னார். பரிசா வந்து என் பக்கத்தில் இருந்தாள். சோமாலிக்காரி ஒருத்தி தன் குழந்தையோடு வந்து இருந்தாள். பிறகு ரோஹிங்யாப் பெண்கள் நாலு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் பதினொரு பெண்களாகி, எல்லோரும் அந்தச் சொல்லையே சொன்னோம், ஆளுக்கொரு உச்சரிப்பில்.

அப்போது இவர் வந்தார். சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன். டேரன் ஓடிவந்து, இது உங்கள் விண்ணப்பத்துக்கு நல்லதல்ல என்ற மாதிரி ஏதோ சொன்னான். இவர் அவனுடைய கையைப் பிடித்து, ஆரபியின் கழுத்துக்குழி இழுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். டேரன் கையை எடுத்துவிட்டு வோக்கிடோக்கியில் அம்புலன்ஸ் கேட்டான். அதைக் கேட்க அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் கேட்டது முப்பது நாள்.

ஒரு பெற்றோருக்குத்தான் இடம் என்றார்கள். நான் ஏறினேன். இவர் வேலிக்குள் நின்றார்.

செப்டெம்பர் 13

ஒட்சிசன், புகை மருந்து, கையில் ஊசி. 40க்கு இறங்கியிருக்கிறது. அறை வாசலில் இரண்டு காவலர்கள் கதிரை போட்டு இருக்கிறார்கள், நாலு வயதுப் பிள்ளை தப்பி ஓடிவிடும் என்று.

டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். ஒலிபெருக்கியில் தொலைபேசியை வைத்தாள். வணக்கம் என்றது குரல். அதே இந்தியப் பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“தங்கச்சி, நீர் முழங்கால் எண்டு சொன்னது என்ர பிள்ளையின்ர நெஞ்சை” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், முட்டு, பம், குண்டு எல்லாம். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, “எங்க பக்கம் முட்டின்னா முழங்காலுங்க. கேட்டிருக்கணும், கேக்கல. என் தப்புதாங்க” என்றாள். இவ்வளவு நாளில் என் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். இன்னும் நாலு ஏச்சு வைத்திருந்தேன், ஏச மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று கேட்டாள். டொக்டர், பிள்ளை எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, நித்திரை எப்படி, கதைக்கிறாளா என்று விசாரித்தாள். பிள்ளைக்கு வருத்தம் என்று தொடங்கினேன். தொலைபேசிப் பிள்ளை உடனே மறித்து, “வருத்தம்னா உடம்புக்கு முடியலையா, இல்ல மனசு கஷ்டமா? எதைச் சொல்லட்டும்?” என்றாள்.

இந்தக் கொப்பியிலும் எழுதாததை எழுதுகிறேன். ஆரபி கதைத்து அறுபத்து நாலு நாள். முகாமுக்கு வந்த ஐந்தாம் நாள் தலை எண்ணும்போது காவலர் அவளைப் பார்த்துப் பதினேழு என்றார். அவள், நான் ஆரபி என்றாள். அவர் சிரித்துக்கொண்டு, இல்லை, பதினேழு என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அன்றோடு நின்றது. படகில் பதினாறு நாளும் கடலுக்கு அடியில் யார் இருக்கினம், மீனுக்கு இரவு தெரியுமா என்று என் காதைத் தின்ற பிள்ளை. கவலை என்று எழுதிவிட்டால் நெஞ்சைப் பார்க்கமாட்டார்கள் என்று மறைத்தேன். என் பிள்ளையின் மனதை இவர்கள் உடைத்துவிட்டார்கள் என்று ஒத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, அதற்காகவும் மறைத்தேன்.

“ரெண்டையும் சொல்லுங்கோ, தங்கச்சி” என்றேன். சொன்னாள். டொக்டர் வெகுநேரம் எழுதினாள்.

செப்டெம்பர் 15

காலை 28. மா கரைத்த கஞ்சி மாதிரி ஒன்று தந்தார்கள், அரைக் கோப்பை குடித்தாள். மிச்சத்தை நான் குடித்தேன். இரண்டு மாதத்தில் ஒரு சாப்பாட்டுக்கு ருசி தெரிந்தது இன்றுதான்.

செப்டெம்பர் 17

டொக்டர் கடிதம் கொடுத்துவிட்டாள்: புழுதியும் வேலியும் உள்ள இடத்துக்கு இந்தப் பிள்ளையை அனுப்ப முடியாது, குடும்பத்தோடு ஊருக்குள் வீடு கொடுங்கள் என்று. முகாம் நிர்வாகம் ஏற்கவில்லை. முகாமுக்குத் திரும்பத் தாய் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் டொக்டரின் கையெழுத்துத் தேவையில்லை என்று யாரோ சட்டம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு டேரன் தாளோடும் ஆரபியின் சப்பாத்தோடும் வந்தான். தொலைபேசியில் அந்த இந்தியப் பிள்ளை. டேரன் பேசினது எல்லாம் இனிப்பு: கிளினிக் இனி மத்தியானமும் திறக்கும், பம் கையிலேயே தருவோம், அங்கே அப்பா தனியாக இருக்கிறார், பிள்ளை அப்பாவைப் பார்க்க வேண்டாமா. கடைசிச் சொல்லில் நான் ஆடிப்போனேன். பொய் எழுதக்கூடாது. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். இவர் வேலிக்குள் நின்ற விதம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, ஐந்து நாளாகச் சாப்பிட்டாரோ தெரியாது.

டேரன் குனிந்து ஆரபியின் ஒரு காலைப் பிடித்துச் சப்பாத்தைப் போட்டான். அவள் காலை இழுத்தாள். சப்பாத்துத் தரையில் விழுந்தது.

“வரமாட்டன். அப்பாவை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள்.

குரல் கரகரவென்று, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. என் கையில் இருந்த பேனை எங்கேயோ போய்விட்டது. தொலைபேசியில், “இப்ப பேசினது யாருங்க?” என்று கேட்டாள். மகள் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. டேரன் என்னைப் பார்த்து, தாயின் பதில் என்ன என்று கேட்டான்.

பிள்ளை சொன்னதுதான் பதில் என்றேன். அதைக் கோப்பில் எழுத வேண்டும், இன்றைய திகதி போட்டு, பெயர் போட்டு, இப்போதே, என் கண்ணுக்கு முன்னால் என்றேன். டொக்டர் உள்ளே வந்து எழுதினாள். டேரன் சப்பாத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு வெளியே போனான். காவலர்கள் கதிரையில் இருந்து எழும்பவில்லை. நாளைக்கு வேறு தாளோடு வருவான், வரட்டும்.

கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆரபி தன் பெயர் எங்கே என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியை எழுத்துக் கூட்டி மூன்று தரம் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை.